வில்லனுக்குக் காலைச் சாப்பாடு கிடையாது

விட்வாட்டர்,
4 மே 1937

அன்புள்ள ஏல்ஸாபே,

நான் நலம். நீ நலமா? ஹாலந்துக் குளிரில், லெய்டனில் மைக்கூடு உறைந்துபோகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இங்கே தென்னாப்பிரிக்காவில் அது காய்ந்துபோகிறது. கரூப் பொட்டல்வெளியில் பதினான்கு மாதமாக மழை இல்லை. மழை பெய்யும் ஒரே இடம் எங்கள் நாடகத்தின் மூன்றாம் அங்கம்தான். மரப்பெட்டியில் காய்ந்த பட்டாணியைப் போட்டு உருட்டுகிறோம். ஊருக்கு ஊர் அந்தச் சத்தம் கேட்டதும் நாலு விவசாயிகள் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போது, மழை இல்லாததற்கும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஏழு பேர். போகிற ஊரில் எங்களை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துத் தங்கவைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். லாரியை விட்டு இறங்கியதும் நல்ல வரவேற்பு. நாடகத்துக்கு முன்னால் விருந்துச் சாப்பாடு. ஆட்டுக்கறி, பூசணிக்காய், அத்திக்காய்ப் பாகு, எல்லாம் உண்டு. மாலை ஆறு மணிக்கு நான் விருந்தாளி. நாடகம் முடிந்ததும் நான் அயோக்கியன். அதற்குப் பிறகு வருவது காலைச் சாப்பாடு.

நேற்று ஒரு தபால்காரர் வீட்டில் தங்கினேன். மாலையில் அவர் மனைவி "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க தம்பி, எலும்பும் தோலுமா இருக்கீங்களே" என்று உருகினார். இன்று காலையில் சாப்பாட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு கோப்பை காபி மட்டும், நாயின் தட்டுக்குப் பக்கத்தில். நாயின் தட்டில் எலும்பு இருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே இருந்தபடியே அதே அம்மா, "அந்தக் கெழவிய மழையில தொரத்தின வாயால என் வீட்டு முட்டைய திங்கப் போறியா? போப்பா!" என்றார்.

எங்கள் இயக்குநர் யூர்கென்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. ஐம்பத்து நாலு வயதில் இடுப்புக்கச்சை கட்டிக்கொண்டு இருபத்தைந்து வயது மகனாக வந்து, நான் துரத்திய தாயை மீட்பவர் அவர். அவருக்கு ஊருக்கு ஊர் நாலு முட்டை, வழிக்கு ஒரு பை உப்புக்கண்டம். சொந்தத் தாய்க்கு ஒன்பது வருஷமாக ஒரு வரி எழுதாத மனுஷன்! தாயாக நடிக்கும் ஃபீயா அத்தைக்கும் குறையில்லை, போர்வையாகக் குவிகிறது. பாவம், மூச்சிரைப்பு அவரை விடவில்லை. வசனமும் முன்போல நிற்பதில்லை. ஆனால் எனக்கென்று ஒரு ரஸ்க்காவது மடியில் மறைத்துக் கொண்டுவருவார். நீ லெய்டன் நூலகத்தில் உட்கார்ந்து 'ஆப்பிரிக்கான்ஸ் நாடகங்களில் தீயவன்' என்று ஆராய்ச்சி செய்கிறாய். தீயவன் இங்கே பட்டினி. அதையும் ஓர் அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்.

இனி முக்கியமான விஷயம். வருகிற பதினொன்றாம் தேதி ரூயிபெர்க்கில் நாடகம். உன் அம்மா என்னை உங்கள் வீட்டில் தங்கவைக்கச் சம்மதித்து எழுதிவிட்டார்கள். உன் பல்கலைக்கழக நண்பன் என்ற அளவில்தான் அவர்களுக்கு என்னைத் தெரியும். கேட்க வேண்டியதை நான் நேரில் கேட்க வேண்டும். பெற்றவர்கள் இருவர் முன்னாலும் எழுந்து நின்று, பெண்ணைக் கொடுங்கள் என்று முறையாகக் கேட்க வேண்டும். அப்பாவின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று நீ சொல்லிவிட்டாய். சம்மதம் இல்லையென்றால் உன் பேராசிரியர் தருவதாகச் சொன்ன மூன்று வருஷ வேலையை ஏற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஜூன் முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புத்தான்.

நாடகத்துக்கு முன்பே, மாலைச் சாப்பாட்டின்போது கேட்டுவிடுகிறேன் என்றேன். நீ கூடாது என்கிறாய். "அப்பா வாழ்க்கையில் நாடகம் பார்த்ததில்லை. ஒருமுறை பார்த்தால் மனம் இளகிவிடும். இளகிய மனத்திடம் காலையில் கேள்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டாயிரம் வருஷமாக அறிஞர்கள் சொல்வதும் அதுதானாம். ஏல்ஸாபே, அந்த அறிஞர்கள் யாரும் கரூவில் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் இல்லை. போதாக்குறைக்கு இந்த நாடகத்தில் நான் பண்ணையார் வீட்டுக்கு மருமகனாக வந்து பண்ணையை விழுங்குகிறவன். முதல் அங்கத்திலேயே பெண் கேட்கிறேன்.

ஆனாலும் நீ படித்தவள். நீ சொன்னபடியே செய்கிறேன். எனக்காக ஜெபம் செய்.

என்றும் உன்,
லோரன்ஸ் புரூவர்


ரூயிபெர்க்கைத் தாண்டி, லாரியிலிருந்து,
12 மே 1937

அன்புள்ள ஏல்ஸாபே,

எழுத்து கோணலாக இருந்தால் பாதைதான் காரணம், என் மனநிலை பாதிக் காரணம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கோபித்துக்கொள்ளாதே.

மாலை நாலு மணிக்கு உங்கள் பண்ணைக்குப் போனேன். உன் அம்மா உன்னைப் போலவே சிரிக்கிறார்கள். உன் அப்பா, ஃப்ளோரிஸ் மாமா, என்னை நேராக ஆட்டுப் பட்டிக்கு அழைத்துப் போனார். நானும் பண்ணையில் பிறந்தவன்தானே! ஒரு கிடாயின் பல்லைப் பிரித்துப் பார்த்து வயது சொன்னேன். அத்தோடு மாமா என் தோளில் கை போட்டார். சாப்பாட்டு மேஜையில் தன் கையாலேயே கறி வெட்டி என் தட்டில் வைத்தார். "நாடகக்காரன்னா என்னமோன்னு நெனச்சேன். நீ மனுஷன்தான்" என்றார். அப்போதே கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு துண்டு கறி வாங்கிக்கொண்டேன்.

நாடகம் பிரமாதம். அதுதான் கெடுதல். திருச்சபை மூப்பர் என்பதால் மாமாவுக்கு முதல் வரிசை, என் மூக்குக்கு நேரே. உன் அம்மா மூன்று கைக்குட்டைகளை நனைத்தார்கள். இரண்டாம் அங்கத்தில் தாயின் காதருகே குனிந்து கிசுகிசுப்பேனே, அந்த இடத்தில் மாமாவின் கை நாற்காலியை இறுக்கியதைப் பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில் பட்டாணி உருண்டதும் மாமா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

காலையில் மேஜைக்குப் போனேன். எல்லோர் தட்டிலும் முட்டை. என் தட்டில் வெண்ணெய் இல்லாத சோளக்கூழ், அரைக் கரண்டி. மாமா வேதத்தில் ஓநாய் வருகிற பகுதியாகத் தேடி எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஜெபம் நீண்டது. ஆமென் சொன்னதும் எழுந்தேன். வாசலில் லாரி காத்திருந்தது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை.

நான் சொல்ல வேண்டியதை ஒரு மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் என் சொந்த வார்த்தைகள். ஆனால் ஆறு மாதமாக வாரத்துக்கு ஐந்து முறை மேடையில் பெண் கேட்ட வாய் இது. பயத்தில் மனம் ஓடிப்போனது, வாய் தானாகக் கிளம்பிவிட்டது.

"மாமா, உங்கள் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிறேன். எனக்கென்று இருப்பது இரண்டு வெறுங்கைகளும் ஒரு நேர்மையான நெஞ்சும் மட்டுமே..."

கையை நெஞ்சில் வைத்தேன். பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் பாதி திரும்பினேன். அங்கே இருந்தது உங்கள் பாத்திர அலமாரி. அதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது உன் அம்மா, என் மீது இரக்கப்பட்டோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்கள்: "'உங்க மகளை ராணி மாதிரி வச்சிருப்பேன்'. அதுதானே தம்பி அடுத்தது?"

மாமா முட்டையைத் தள்ளி வைத்தார். "சரிப்பா. அதுக்கப்புறம் எங்களை வீட்டை விட்டுத் தொரத்துவியே, அது இப்பவா, இல்ல காபி குடிச்ச பெறகா?" என்றார்.

மாமா, இது நாடகம் இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன், ஏல்ஸாபேயைக் கேட்கிறேன் என்று உளறினேன். "இதையேதான் அவனும் சொன்னான்" என்றார் மாமா. அவன் என்று அவர் சொன்னதும் மேடையில் நின்ற நானேதான்!

அப்போது காபிக் கூஜாவோடு சியேனா உள்ளே வந்தாள். உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்று நீ எழுதியிருக்கிறாய், ஆனால் அவள் வாயைப் பற்றி நீ எழுதவில்லை. "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நீங்க நாற்காலியில ஒக்காந்து ஒரு நாடகம் பாத்தீங்க. எங்க நெறத்து ஆளுங்களுக்குத்தான் உள்ள எடமில்லையே, நான் பக்கத்துச் சன்னல்ல நின்னேன். அங்கேர்ந்து மேடையும் தெரியும், மேடைக்கு ஓரத்து மறைவும் தெரியும். நான் ரெண்டு நாடகம் பாத்தேன். இந்தத் தம்பி அந்தம்மா காதுல என்னமோ சொன்னப்ப நீங்கல்லாம் பல்லைக் கடிச்சீங்களே, என்ன சொன்னாருன்னு தெரியுமா? அவங்க மறந்துபோன வசனத்தை எடுத்துக் குடுத்தாரு. வெளிய தள்ளினாரா? தள்ளிட்டு, திரைக்குப் பின்னால ஓட்டமா ஓடியாந்து, தன் கோட்டைக் கழட்டி அவங்களுக்குப் போத்தினாரு. இருமல் மருந்து ஊத்தினாரு. மண்டி போட்டு அவங்க காலைத் தேச்சுவிட்டாரு. அம்மாவைக் காப்பாத்தின ஒங்க மகராசன் அந்நேரம் என்ன பண்ணாரு தெரியுமா? இடுப்புக்கச்சைய இறுக்கிக்கிட்டே, 'இருமித் தொலையாதே, என் வசனம் கெடுது'ன்னு அவங்களை வைஞ்சாரு!"

சொல்லிவிட்டு என் கோப்பையை வழிய வழிய நிரப்பினாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியை எடுத்தார். "ஆட்டைப் பாத்துட்டு வரேன்" என்று போனவர் வரவில்லை. யூர்கென்ஸ் லாரியின் ஹாரனை விடாமல் அழுத்தினார். பதில் இல்லாமல் ஏறிவிட்டேன். சியேனா ஒரு பொட்டலத்தை மடியில் எறிந்தாள். ரஸ்க், உப்புக்கண்டம், இரண்டு வேகவைத்த முட்டை. இந்த ஆறு மாதத்தில் முதல் முட்டை.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிசுகிசுப்பைப் பற்றி உன் ஆய்வேட்டில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தீமையின் குரல் தணியும்போதுதான் உண்மையான பயம் பிறக்கிறது என்று. உன் பேராசிரியரும் ஓரத்தில் 'அருமை' என்று குறித்தாராம். ஃபீயா அத்தைக்கு மறதி என்று வெளியே தெரிந்தால் யூர்கென்ஸ் அவரை வழியிலேயே இறக்கிவிடுவார், அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தப் பக்கங்களை அடிக்காதே. நாடகம் பார்த்துப் பயந்தவர்கள் நிஜமாகத்தான் பயந்தார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இரண்டாவது மலைக்கணவாயில் போய்விட்டது. மாமா இல்லை என்று சொல்லவில்லை, அதை மட்டும் நினைவில் வை. ஜூன் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பேராசிரியருக்குக் கடைசி நாள் வரை பதில் எழுதாமல் இரு. கேட்பது அவ்வளவுதான்.

உன்,
லோரன்ஸ்


ரூயிபெர்க்,
29 மே 1937

அன்பு மகள் ஏல்ஸாபேக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். மழை இல்லை. இருநூறு ஆடுகளை அண்ணன் பண்ணைக்கு மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டேன். காற்றாலையின் தண்டு உடைந்து சரிசெய்தாகிவிட்டது. கறுப்பு நாய் எட்டுக் குட்டி போட்டது. எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

உன் அம்மா தினமும் அந்தப் பையனைப் பற்றியே பேசுகிறாள். கூழுக்கு வெண்ணெய் வைக்காமல் விட்டுவிட்டேனே என்று புலம்பல். நாடகம் முடிந்த அன்று கதவைத் தாழ் போட்டீர்களா என்று என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இரண்டு முறை கேட்டவளும் அவள்தான்.

போன சனிக்கிழமை கால்க்பானுக்குப் போனேன். கிடாய் வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே கிடாய் விற்பனை ஏதும் இல்லை, நீ அதை உன் அம்மாவுக்கு எழுத வேண்டாம். அங்கே அந்த நாடகம் நடந்தது. சீட்டு வாங்கினேன். ஆனால் உள்ளே போகவில்லை. சியேனா சொன்னதுபோலப் பக்கத்துச் சன்னலுக்குப் போய் நின்றேன். வாசலில் இருந்தவன் ஓடி வந்து, "மூப்பரே, நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க, உள்ள முதல் வரிசை காலியா இருக்கு" என்றான். அவனைப் போகச் சொன்னேன். அங்கே ஏற்கெனவே நின்றவர்கள் எனக்கு ஒதுங்கி இடம் விட்டார்கள். அது எனக்கு நன்றாக இல்லை.

மூன்று அங்கமும் நின்று பார்த்தேன். முழங்கால் போய்விட்டது. சியேனா இருபது வருஷமாக நம் ஊர் மண்டபத்துச் சன்னலில் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கால் வலிக்கும் என்பது தெரியாமல் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு பெஞ்சு செய்து கொடுத்தேன். "ஒக்காந்தா சன்னல் எட்டாதே ஐயா" என்றாள். உள்ளே அவளுக்கு நாற்காலி போடும் தைரியம் மண்டபத்தை நடத்தும் எங்கள் சபைக் குழுவில் யாருக்கும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான். இதை நினைத்தால் தூக்கம் சரியாக வருவதில்லை.

சியேனா சொன்னது அத்தனையும் உண்மை. கோட்டைப் போர்த்தினான். காலைத் தேய்த்தான். அன்று அந்த அம்மாவுக்கு மூச்சு மோசமாக இருந்தது. அவன் ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டே, மறு கையால் பட்டாணிப் பெட்டியையும் உருட்டினான். மழைச் சத்தம் கேட்டு நான் மறுபடியும் வானத்தைப் பார்த்தேன். பெட்டி கண்ணுக்கு முன்னால் உருளும்போதே பார்த்தேன். வயதாகிவிட்டது.

முடிந்ததும் பின்பக்கம் போனேன். என்னைக் கண்டதும் அவன் வெளுத்துப்போனான். ஒட்டு மீசை பாதி பிய்ந்து தொங்கியது. "ஏம்ப்பா, சொந்தமா நாலு வார்த்தை பேசத் தெரியுமா, இல்ல அதையும் யாராவது எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "மாமா, அவ கடுதாசி வர்ற அன்னைக்கு மட்டும்தான் எனக்குப் பசியே தெரியறதில்ல."

அதில் ஓர் அலங்காரமும் இல்லை. கையை நெஞ்சில் வைக்கவில்லை. குரலும் சரியாக வரவில்லை. மோசமாகத்தான் சொன்னான். எனக்குப் பிடித்திருந்தது.

ஆனாலும் நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பதில் சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. அவர்கள் சுற்றுப்பயணம் ஆகஸ்டில் முடிகிறதாம். செப்டம்பர் முதல் ஞாயிறு, காலைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று முட்டை வைப்பதாக உன் அம்மா சொல்கிறாள். நான் இரண்டு போதும் என்றேன்.

உன் பேராசிரியருக்கு என்ன பதில் எழுதுவது என்பது உன் இஷ்டம். நான் ஆறாம் வகுப்பு, அதில் தலையிட எனக்கு யோக்கியதை இல்லை. செப்டம்பருக்குள் உன் படிப்பு முடிந்துவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள். பாதியில் விட்டு வந்தால் மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். உன் அறையின் சன்னல் சட்டத்துக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறேன். தண்டு சரிசெய்த அன்று வண்ணம் மிச்சம் இருந்தது, அதனால்தான்.

மேஜையில் உன் நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அந்தப் பையன் அன்று மாலை தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏனென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். நீயே வா.

உன் அப்பா,
ஃப்ளோரிஸ் கிரீல்